பதினோரு ஆடுகளுக்கு ஒரு நாய்

மார்ச்சில் ஜெஸ் செத்த பிறகு
எங்கள் பதினோரு ஆடுகளும் எங்களை மதிப்பதில்லை.
கதவைத் திறந்துவைத்துக் கூப்பிட்டால்
டூகலை ஒருதரம் பார்க்கும்,
பிறகு புல்லைப் பார்க்கும்.

நாலாயிரம் ஆடு மேய்த்த மனுஷன்.
மலைப் பண்ணையை விற்று
நேஸ்பிக்கு வெளியே நாலு ஏக்கர் வாங்கி
ஓய்வு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்.
இனி ஒரு நாய்க்குத்தான் இடம்,
ஒரு நாய்க்குத்தான் தீனி.

எந்த நாய்?

இந்தத் தீவில் அது பழைய சண்டை:
ஹெட்டிங் நாயா, ஹன்ட்டவேயா.
முன்னது வாயே திறக்காது.
மந்தையைச் சுற்றிப் போய் முன்னால் வந்து
வயிறு தரையில் பட ஒரு பார்வை.
வீட்டுப்பாடம் எழுதாத பையன்போல
கிடாகூட அப்படியே நின்றுவிடும்.
பின்னது வேறு ரகம்.
பின்னாலிருந்து குரைத்தே தள்ளும்.
எதிர்ச்சரிவு அந்தக் குரைப்பை வாங்கி
வட்டியோடு திருப்பிக் கொடுக்கும்.

"எனக்குக் கேட்கிற நாயாக இருக்கட்டும்" என்றான் டூகல்.
நாற்பது வருஷம்
கம்பளி கத்தரிக்கும் எந்திரத்தோடு ஒட்டி நின்றதில்
வலது காது எப்போதோ போயிற்று.
இடது காது போய்க்கொண்டிருக்கிறது,
விடைபெற்ற பிறகும் வாசலில் நின்று
பேசிக்கொண்டே இருக்கும் விருந்தாளிபோல.

எனக்கு அமைதி வேண்டும் என்றேன்.
என்ன? என்றான்.
பேசாத நாய்தான் வேண்டும் என்பதை
மூன்று முறை
கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

சனிக்கிழமை கிர்ஸ்டியின் கொட்டகைக்குப் போனோம்.
நெற்றியில் வெள்ளைக் கோடு போட்ட பெட்டைக் குட்டி.
மூன்று மாதம்கூட ஆகவில்லை,
யாரும் சொல்லித்தராமலே
ஆறு வாத்துகளை மூலையில் நிறுத்திவைத்திருந்தது.
அவற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.
இவ்வளவு நாள் எங்கே போயிருந்தேன் என்று
அதனிடம் விளக்கம் சொல்லத் தோன்றியது.
நாளைக்குச் சொல்கிறோம் என்றேன் கிர்ஸ்டியிடம்.
மனசுக்குள் பெயர்கூட வைத்துவிட்டேன்.

திரும்பும் வழிதானே என்று
ராவிரி வீட்டிலும் வண்டியை நிறுத்தினோம்.
கறுப்பும் பழுப்புமாக ஒரு குவியல்,
யார் கால் யாருடையது என்று தெரியாத உறக்கம்.
அதிலிருந்து ஒன்று எழுந்து,
காது கொஞ்சம் கிழிந்த ஒன்று,
தன் உடம்பைவிடப் பெரிதாகக் குரைத்தது.

டூகல் திரும்பினான்.
வலது பக்கம் திரும்பினான்.
பத்து வருஷமாக
எதுவும் வந்து சேராத பக்கம் அது.

இது நிறையத் தின்னும் என்றார் ராவிரி,
தினமும் ஓட விடணும்,
பூச்செடி இருந்தால் மறந்துவிடுங்கள்.
நான் கைப்பையைத் திறந்து
நோட்டுகளை எண்ண ஆரம்பித்திருந்தேன்.
கிர்ஸ்டிக்கு என்ன சொல்வது என்று
வீடு வந்து சேரும்வரை யோசித்தேன்.

குரைக்கிற நாய் கடிக்காதாம்.
தூங்க விடும் என்று எவரும் சொல்லவில்லை.
முதல் ராத்திரி மூன்று மணி.
ஃபிரிட்ஜைப் பார்த்துக் குரைத்தது.
ஃபிரிட்ஜ் ஓய்ந்ததும்,
ஓய்ந்துவிட்டதே என்று குரைத்தது.
டூகல் நல்ல காதைத் தலையணையில் புதைத்து
யாருக்கும் வாய்க்காத தூக்கம் தூங்கினான்.

எழுந்து போனேன். வெறுங்கால்.
சமையலறைச் சிமெண்டில் ஜூன் மாதம் முழுவதும் இருந்தது.
திட்ட வாயெடுத்தேன்,
யார் கேட்கப்போகிறார்கள்.
வாசற்படியில் குந்தி உட்கார்ந்து
அதைப் பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாதிக் குரைப்பு ஒன்று வந்தது.
மீதியை விழுங்கிக்கொண்டு
உட்கார்ந்தது குட்டி.

நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே உறைபனி, நிலா.
பதினோரு ஆடுகளும்
மூச்சு வெள்ளையாய்ப் புகைய
கதவருகே கூடி நின்றிருந்தன,
ஒன்றுகூடப் புல்லைப் பார்க்காமல்.