நானூற்று இருபது

சேலத்தில் நிறுத்தினால் ஒன்றுமில்லை.
நாகலூரில் மூன்று ராத்திரி நின்றால்
திங்கட்கிழமை காலை சாவிக்கு ஒரு டிக்,
அவ்வளவுதான்.

ஐந்து ரோட்டுக் கடையில் பேட்டரி மாற்றினார்கள்.
நாலே மாதத்தில் இன்னொன்று.
மலைக்குளிரும்மா என்றார்கள்.
கதவைச் சரியா சாத்தியிருக்க மாட்டீங்க என்றார்கள்.
வீட்டில் அவரும் அதையே சொன்னார்.

வாரக்கடைசியில் எஸ்டேட்டுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.
மிளகு எத்தனை மூட்டை, கூலி எத்தனை ஆள்,
நடுவில் எவ்வளவு காணாமல் போகிறது.
அதற்குத்தான் சம்பளம்.
காரைச் சரிவில் நிறுத்தப் பழகிக்கொண்டேன்.
இரண்டாவது கியர், கிளட்சை விட்டால் ஒரு உதறல்,
குப்பனூர் இறக்கம் முழுக்க
ஆஃப் ஆகாமல் பிடித்துக்கொண்டு வீடு சேர்வேன்.
"குப்பனூர் ரோட்லயா வந்தே?" என்பார்,
பேப்பரைத் தாழ்த்தாமல்.
ஒருமுறைகூடத் தவறியதில்லை.
பிரேக் கருகிய வாசனையில் தெரிகிறது போல
என்று நினைத்திருந்தேன்.

ஸ்டானிஸ் ஒண்டிக்கடையில் கடை வைத்திருப்பவர்.
நெகடிவ் ஒயரைக் கழற்றி
நடுவே மீட்டரைக் கோத்தார்.
வண்டி தூங்கட்டும், கதவைத் தொடாதீங்க.
நாற்பது நிமிடம்.
சில்வர் ஓக்குகளை மஞ்சு பாதிவரை தின்றிருந்தது.
எண் இறங்கி இறங்கி இருபதில் நின்றது,
பிறகு யாரும் தொடாமல் ஏறியது.
"நானூத்தி இருபது மில்லிங்க" என்று சிரித்தார்,
"நம்பர்லயே இருக்குது பாருங்க."

ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.
ஹாரன். உள்விளக்கு. ரேடியோ.
எண் அசையவில்லை.
பாக்ஸுக்கு வராம நேரா ஒயர்லயே வாய் வச்சிருக்கு என்றார்.

ஸ்டீயரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்தார்,
செருப்பில்லாத கால்கள் மட்டும் வெளியே.
கறுப்பு டப்பி ஒன்று வந்தது,
தீப்பெட்டி அளவு,
உள்ளே ஒரு சிம், ஓரத்தில் பச்சைப் பொட்டு.
சிரிப்பு போய்விட்டிருந்தது.
"இங்க டவர் கிடைக்காதுங்க.
விடிய விடிய தேடிக்கிட்டே கிடக்கும், அதான்."
நீங்க மாட்டினதா என்று அவர் கேட்கவில்லை.

வெட்டி டேப் சுற்றினார். இருநூறு ரூபாய்.

டப்பியை ஜன்னல் கட்டையில் வைத்தேன்,
லெட்ஜருக்குப் பக்கத்தில்.
அதற்குள்ளும் குட்டியாக ஒரு பேட்டரி உண்டாம்.
ஏழேகாலுக்குப் பச்சை மின்னியது.
எட்டரைக்கும்.
கூலிப் பட்டியலில் ஒன்பது ரூபாய் உதைத்தது,
மூன்று தரம் கூட்டினேன்.
பத்து நாற்பதுக்கு நின்றுபோனது.
நேரத்தைப் பென்சிலில் குறித்துவைத்தேன்.

திங்கட்கிழமை ஒரே சாவியில் எழுந்துகொண்டது கார்.
சரிவில்தான் நிறுத்தியிருந்தேன்,
பழக்கம்.