நலமானவர்களின் வரிசை

வண்ணார்பேட்டை லாபில் பதினோரு வருஷம்.
மஞ்சள் மூடி எதற்கு, ஊதா மூடி எதற்கென்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ரத்தத்தில் மிதக்கும் ஒரு துளிப் புரதம்
கட்டி கண்ணில் படுமுன்னே காட்டிக்கொடுக்குமா என்று
ஆராய்ச்சி.
நாற்பது நோயாளிப் பெண்கள், நாற்பது நலமான பெண்கள் வேண்டும்.
நோயாளிகள் பத்தே நாளில் சேர்ந்துவிட்டார்கள்,
கடையம், நாங்குநேரி, ராதாபுரம் என்று
விடியற்காலை பஸ்ஸில் வந்திறங்கி.
நலமானவர்களுக்குத்தான் பஞ்சம்.
"ஒண்ணுமில்லாத உடம்புல எதுக்குளா ஊசி?" என்று
வாசல்வரை வந்தவர்களும் திரும்பினார்கள்.

முப்பத்தொன்பதோடு நின்றது.
வெள்ளிக்கிழமை சாயங்காலம், பூட்டுகிற நேரம்,
இடக்கையில் பட்டையைச் சுற்றி
பல்லால் இழுத்து இறுக்கி
நானே குத்திக்கொண்டேன்.
'நலம் 40' என்று எழுதி ஒட்டினேன்.
கணக்கு முடிந்தது. டீ குடித்தேன்.

திங்கட்கிழமை மெஷின் தள்ளிய தாளில்
பன்னிரண்டு, ஒன்பது, பதினேழு,
கடைசியில் எண்பத்து நாலு.
முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும்.
மெஷினைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.
கழுவி, மறுபடி ஓட்டினேன்.
எண்பத்து மூணு.

பாபநாசத்துக்கு மேலே மழை என்றால்
இங்கே சுலோசன முதலியார் பாலத்தடியில்
வெயில் கொளுத்தும்போதே
தண்ணீர் நிறம் மாறி வரும்.
துவைக்கிறவர்கள் துணியை அள்ளிக்கொண்டு கரையேறுவார்கள்.
எந்த ஓடையில், எந்தப் பாறை இடுக்கில் பெய்ததென்று
தண்ணீர் சொல்லாது.
சமயத்தில் வெள்ளமும் வராது.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை.
"சும்மாவும் ஏறும் முத்துப்பேச்சி,
தூரமாகிற நேரத்துல, சின்ன நீர்க்கட்டிக்கு.
மூணு மாசம் விட்டுப் பார்ப்போம்" என்றார் டாக்டர்.
அந்த மூன்று மாதத்துக்குப்
படிவத்தில் கட்டம் கிடையாது.

"கை என்ன கன்னிப்போய்க் கிடக்கு?"
சோற்றைப் பிசைந்தபடி அவர் கேட்டார்.
லாப் கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன்.
குழம்பு ஊற்றினேன்.

என் குழாயை வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.
மறுபடி முப்பத்தொன்பது.

ஐந்தாம் தேதி பிரீமியம் வாங்க வந்தாள்
எல்.ஐ.சி. எப்சிபா.
"உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லைல்லா?"
"எனக்கென்னக்கா, கடப்பாரைல்லா நான்."
ரசீது புத்தகத்தை வாங்கி மேஜையில் வைத்தேன்,
உட்காரச் சொன்னேன்.

எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று
எல்லோரிடமும் சொல்வதைச் சொல்ல வாயெடுத்து
சொல்லாமல்
நரம்பைத் தேடினேன்.
நல்ல நரம்பு.
பச்சையாக, உடனே
விரலுக்குக் கிடைத்தது.