அட்டவணை மூன்று

எஸ்தோனியாவில் தசமத்துக்குக் காற்புள்ளி இடுவார்கள்.
இரண்டு, அப்புறம் ஒரு சின்ன வால், அப்புறம் ஐந்து.
ஊர்வே கல்லஸ்தே அப்படித்தான் அனுப்பியிருந்தார்,
குழந்தைக்கு மருந்து அளக்க
மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று
பதினான்கு பக்கம்.

வாலை நறுக்கிவிட்டுப் புள்ளி வைப்பது என் வேலை.
சம்பளமில்லாத வேலை.
தார்த்துவில், மருந்தியல் துறையின் மூன்றாம் மாடியில்,
ஆறு உறைந்து கிடந்த பிப்ரவரியில்
நூற்றுப் பன்னிரண்டு வால்களை நறுக்கினேன்.
நூற்றுப் பதினொரு புள்ளிகளை வைத்தேன்.

எங்கள் இதழுக்குப் பூட்டில்லை.
யாரும் வரலாம், எடுத்துப் போகலாம்.
வாசலில் ஒரு எண்ணிக்கைக் கருவி மட்டும் உட்கார்ந்து
ஊர்ப்பெயர் எழுதிக்கொள்ளும்.
கொச்சபம்பா, ஒன்பது.
உலான்பாத்தர், நான்கு.
ஜூனில் ரோமா, ஒன்று.
இத்தாலி என்று நினைத்துக்கொண்டேன்.

லெசோத்தோவிலும் ஒரு ரோமா இருக்கிறது.
மலைகளுக்கு நடுவே ஒரு பல்கலைக்கழகம்,
நள்ளிரவு தாண்டினால் மலிவாகும் டேட்டாவுக்காகப்
போர்வைக்குள் விழித்திருக்கும் விடுதி.
ரெலெபோஹிலே லெபூசா
அன்றிரவு ஐந்து கட்டுரைகளின் வாசலில் நின்றாள்.
முப்பத்தொன்பது டாலர், இருபத்துநான்கு மணி நேரம்
என்றன அவை, லாட்ஜில் அறை விடுவதுபோல.
சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் திரும்பினாள்,
அடுத்த வீட்டுத் தாளிப்பு வாசனையில் சோறு தின்றவள் மாதிரி.

ஆறாவது திறந்தது.

பழைய தேர்வுத்தாள்களின் முதுகில் அச்செடுத்தாள்.
மறுநாள் ஆய்வகத்தில்
சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர்,
எட்டுக் கிலோ என்று எழுதி ஒட்டிய பொம்மைக் குழந்தை.
அட்டவணை மூன்று, ஐந்தாம் வரி.
சிரிஞ்சை இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள்.
சிரிஞ்சு தீர்ந்தது,
அளவு தீரவில்லை.
தண்ணீர்தான். ஆனாலும் கை நின்றுவிட்டது
என்று எழுதியிருந்தாள்.

‘மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,
இந்தக் குழந்தை இறந்துவிடும் என்று நினைக்கிறேன்.
தவறு என்னுடையதாகவும் இருக்கலாம்.’

இல்லை, என்னுடையது.
என் மொழியில் புள்ளி வைத்தால்தான் மெய்.
ஒன்றாம் வகுப்பில் தெரிந்திருந்தது,
மூன்றாம் மாடியில் மறந்துபோயிற்று.

ஊர்வே கத்தவில்லை.
காபியைக் கீழே வைத்துவிட்டுப்
பதிவிறக்கப் பட்டியலைக் கேட்டார்.
முந்நூற்று நாற்பத்தொன்று.
எத்தனை தூரம் போகிறோம் பாருங்கள் என்று
போன வாரம் நான் நீட்டிக்காட்டிய அதே பட்டியல்.
கொச்சபம்பாவின் ஒன்பது பேரை
இப்போது எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது?
ஒருவர் அச்செடுத்து, இன்னொருவர் நகலெடுத்து,
யாரோ ஒருவர் கரும்பலகையில் எழுதிப்போட்டு,
அதை யாரோ ஒருத்தி நோட்டில் இறக்கி...
கதவைத் திறந்து வைத்தவனுக்கு
உள்ளிருந்து போனது எதுவும் திரும்பி வராது.

ஒரு கடிதம் வந்தது. அவ்வளவுதான் வந்தது.

திருத்தம் வெளியிட்டோம்.
அதில் அவள் பெயர் இருக்கிறது,
என் பெயர் இல்லை.

அக்டோபரில் அவளே ஒரு கட்டுரை அனுப்பினாள்.
மலையில் ஆடு மேய்க்கும் பையன்கள்
இருமல் மருந்தைச் சோடா மூடியால் அளக்கிறார்கள்;
ஒரு மூடிக்கு எத்தனை மில்லி?
எழுபத்திரண்டு மூடிகளை அளந்திருக்கிறாள்,
துருப்பிடித்தவற்றைத் தனியாக.
முதலில் பெரிய இதழ் ஒன்றைக் கேட்டாளாம்.
அதற்கும் பூட்டில்லை.
படிக்கக் காசு வேண்டாம், எழுதத்தான் காசு,
இரண்டாயிரத்து எண்ணூறு டாலர்.
தள்ளுபடிக்கு
இல்லாமையை நிரூபிக்க ஒரு படிவம்.
‘அதை நிரப்ப எனக்குக் கை வரவில்லை’ என்றிருந்தாள்,
அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல்.

இன்றிரவு அவள் அட்டவணை என் திரையில்.
அவளும் காற்புள்ளிதான் இடுகிறாள்.
ஆறு, வால், இரண்டு.
ஐந்து, வால், ஒன்பது.
வெளியே ஆறு மறுபடி விளிம்பில் உறையத் தொடங்கிவிட்டது.
ஒவ்வொரு புள்ளியையும் விரலால் தொட்டு எண்ணுகிறேன்.
முடிந்ததும் முதலிலிருந்து.
குளிர்காலத்தில் தார்த்துவுக்கும் ரோமாவுக்கும் ஒரே மணி:
பன்னிரண்டு அடித்து நாலு நிமிடம்,
அங்கே டேட்டா மலிந்திருக்கும்.