பதினொன்றாம் கட்டம்

வெள்ளீயக் கம்பெனியின் படிவத்தில்
பதினொன்றாம் கட்டம்: பறவைகள்.
இருவாச்சி, ஒன்று, என்று எழுதினேன்.
தலைக்கு மேலே ரயில் போவதுபோல் இறக்கை இரைய
ஒன்றுதான் போனது.

நா மூ பொ சிரித்தாள்.
"இரண்டு எழுது. குஞ்சு பொரித்திருந்தால் மூன்று."

அண்ணாந்து பார்த்தேன்.
மரப்பொந்தில் மண்பூச்சு,
நடுவே விரல் நுழையும் கீறல்.
உள்ளே சிறகுதிர்த்து அடைந்து கிடக்கிறது பெட்டை.
ஆண் தொண்டையிலிருந்து அத்திப்பழத்தை
ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே கொடுத்தது,
பாங்கு ஜன்னலில் தவணை கட்டுகிறவன் மாதிரி.

அடுத்த கட்டம்: குடியிருப்பு.
சரிவெல்லாம் புதர். தரிசு என்று எழுதப்போனேன்.
"முந்தாம் வருஷம் எங்கள் நெல் இங்கேதான்.
இன்னும் ஐந்து மழை தூங்கட்டும், வருவோம்.
தூங்குகிறவனைச் செத்தவன் கணக்கிலா எழுதுவாய்?"

நான் மோல்மேன்காரன், மாதச் சம்பளம்.
என் வீட்டு ரசமும்
ஈயச்சொம்பில்தான் நுரைகட்டுகிறது.
அடித்து எழுத அனுமதி இல்லை.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
பொடி எழுத்தில் எழுதினேன்:
உள்ளே இருக்கிறார்கள்.

தவாய் ஆபீசில் நகல் எடுத்தபோது
ஓரம் விழவில்லை.
யாரும் வேண்டுமென்று செய்ததில்லை.
மெஷினின் கண்ணாடி அவ்வளவுதான் அகலம்.
நானும் சும்மா இருந்துவிட்டேன், நாற்பது நாள்.

இன்று காலை போன்.
மரத்தில் சிவப்புப் பெயின்ட் போட்டுவிட்டார்களாம்.
ஆண் இன்னும் பழத்தோடு வந்து போகிறதாம்.
ஊர் முழுக்க மரத்தடியில் சோறு பொங்குகிறதாம்.
"அந்த அசல் தாள் உன்னிடம்தானே?"

பீரோ சாவி மானேஜர் மேசையில்.
மானேஜர் தேநீருக்குப் போயிருக்கிறார்.
மலைக்கு பஸ் பத்தரைக்கு.