லிட்டருக்கு எவ்வளவு

பதினாறு புள்ளி இரண்டு.
போன வருஷம் பதினெட்டுக்குக் குறையாது.
ஸ்டியரிங் பக்கத்தில் செருகி வைத்த
குட்டி நோட்டுக்குப் பொய் தெரியாது.

தக்கலை ஒர்க்‌ஷாப்பில் பென்சிகர்
ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார்:
செங்கல்சூளைத் தூசி, ஒரு கைப்பிடி.
நாலு டயரிலும் காற்று குறைவு.
"பிரேக் இப்பிடி தேஞ்சிருக்கே,
யாருகூட சண்டை?"
நான் ரோட்டைப் பார்த்தேன்.

டிக்கியைத் திறந்தார்.
மூடிப்போன என் தையல்கடை போர்டு,
இரும்புச் சட்டத்தோடு.
"இது எத்தன கிலோ வரும்?"
பத்து மாதமாய்ச் சுமக்கிறேன்,
நிறுத்துப் பார்த்ததில்லை.

ஆனிக் காற்று.
முப்பந்தல் போகையில் முதுகைத் தள்ளிவிட்டது,
திரும்புகையில் ஆரல்வாய்மொழியில்
கண்ணாடியோடு மல்லுக்கு நிற்கிறது.
முன்பென்றால் மிதித்திருப்பேன்.
இன்று ஐம்பதிலேயே விட்டேன்.
காற்றாலைகள் காசில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.
ஹாரனடித்தே முந்திப்போன பூ டெம்போ
ஒழுகினசேரியில் நின்றுகொண்டிருந்தது.
அதன் பின்னால் போய் நின்றேன்,
எஞ்சினை அணைத்தேன்.
பிச்சிப்பூ மணத்தது.

நோட்டில் இன்று: பத்தொன்பது.

போர்டு கோழிக்கூட்டுக்குக் கூரையாயிற்று.
'ஷைனி பாய் டெய்லரிங்'
தலைகீழாய்
மழையில் நனைகிறது.