பத்தொன்பதாம் குழாய்

ஊதா மூடிக் குழாய்கள்
ஐஸில் புதைந்து வருகின்றன.
வெளியே போர்ட்டேஜ் அவென்யூவில் மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளேயும் குளிரை விட்டுவிடக் கூடாது.
கொஞ்சம் சூடேறினால்
இரத்தமே இந்தப் புரதத்தைக் கடித்துத் தின்றுவிடும்.

இது ஒரு வேடதாரி.
கழுத்தடியில் அரிசி பருமனில் நான்கு சுரப்பிகள்.
அவை எழுதும் கடிதத்தின்
முதல் சில எழுத்துகளை மட்டும் பாடமாக்கி வைத்திருக்கிறது.
எலும்புக்கு அவ்வளவு போதும்.
மீதியைப் படிக்காது.
கதவைத் திறந்து
சுண்ணாம்பை அள்ளிக் கொடுத்துவிடும்.

புற்று எழுதும் கள்ளச்சீட்டு.
அதைப் பிடிக்கிற புதிய பரிசோதனையை நம்பலாமா
என்று பார்ப்பது என் வேலை.
ஒரே இரத்தத்தை இருபது தடவை விசாரிக்கிறேன்.
ஏழு புள்ளி இரண்டு. ஏழு புள்ளி நான்கு. ஆறு புள்ளி ஒன்பது.
பொய்க்கும் நடுக்கத்துக்கும் இடையே
எவ்வளவு இடம் விடலாம் என்பதற்கு
ஒரு அட்டவணை இருக்கிறது.

நோயாளிகள் அறுபத்திரண்டு பேர். பெயர் இல்லை, எண்தான்.
நாற்பத்தொன்றுக்கு நுரையீரல்.
கல்சியம் மூன்று புள்ளி எட்டு.
குறிப்பில்: தாகம். மலச்சிக்கல்.
மகனை அடையாளம் தெரியவில்லை.
பழைய கருவி ஒன்றுமில்லை என்றது.
புதியது பதினொன்று என்கிறது.
யார் சரி?
போன மார்ச்சில் எடுத்த இரத்தம். இப்போது ஜனவரி.

ஒப்பிட நலமானவர்களும் வேண்டுமே.
ரொசலிண்டா கை நீட்டினாள்.
பார்க்கிங் பூத்திலிருந்து ஓலெக்சி வந்தான்,
ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி.
பிறகு நான். பத்தொன்பதாம் குழாய்.

மாலை வந்த தாளில்
எல்லோரும் கோட்டுக்குக் கீழே.
பத்தொன்பது மேலே.

இருபது நிமிடம்
கதிரையை விட்டு எழும்பவில்லை.
காலையிலிருந்து எத்தனை கிளாஸ் தண்ணீர்?
வீட்டு அஞ்சல் குறியீட்டைச் சொல்லிப் பார்த்தேன்.
ஏழாம் வாய்ப்பாட்டை முழுதாக ஒப்பித்தேன்.
ஏழெட்டு ஐம்பத்தாறில் ஒரு கணம் நின்று
வியர்த்தேன்.

மார்லீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
"பால் கொடுக்கிறாயா?"
ஆமாம். ஐந்து மாதம்.
"பிறகென்ன, எடுத்துவிடு."

அதே கள்ளச்சீட்டை மார்பும் எழுதும்.
எலும்பு அதையும் நம்பும்,
பாலில் கரைய இறங்கி வரும்.
பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.
இருபது நிமிடமும் ஞாபகம் வரவில்லை.

அடிக்குறிப்பு எழுதினேன்:
பத்தொன்பது விலக்கப்பட்டது. காரணம், பாலூட்டல்.
சட்டை ஈரமாகியிருந்தது. நேரம் தாண்டிவிட்டது.
பம்ப் அறையில் யாரோ இருந்தார்கள்.

காத்திருந்த நேரத்தில்
நாற்பத்தொன்றை எடுத்து நீர்த்தேன்.
அரை, கால், அரைக்கால்.
பொய் என்றால் எங்காவது கோணும்.
பதினொன்று. ஐந்தரை. இரண்டேமுக்கால்.
இன்னும் நீர்த்தேன்.
கோடு நேராகவே போனது,
பத்து மாதம் பிந்தி.