நூறுக்கு மேல் எண் இல்லை

அங்குலேமில் கடைசிப் பேருந்தும் போன பிறகு
இருநூற்றுப் பன்னிரண்டு இயந்திரங்களும் நானும்.
கீழ்த்தளத்தில் அவை விடும் மூச்சு
படிக்கட்டில் ஏறி வந்து
என் கணுக்காலைச் சுடுகிறது.
வெளியே ஷராந்த் ஆற்றை மூடுபனி
பாதிப் பாலத்தோடு விழுங்கியிருக்கிறது.

வங்கியில் கடன் கேட்கப் போனபோது
என்ன வேலை என்றார்கள்.
வரிசை பார்ப்பது, என்றேன்.
ரொட்டிக் கடையிலா? என்று
அக்கறையாகத்தான் கேட்டார் அந்தப் பெண்மணி.

ஏப்ரலில் நான்தான் பிரித்தேன்:
நினைவகம் பெருத்த நாற்பதும் வெள்ளத்துக்கு,
தொண்ணூறு நரியின் ரோமத்துக்கு,
மிச்சம் மிச்சப் பேருக்கு.
ஏப்ரலில் எல்லாரும் நல்லவர்கள்.
எல்லா வேலையும் ஐம்பதில் நின்றது.

மே இரண்டாம் வாரம்
கொராந்தான் தன் நரியை அறுபதாக்கினான்.
ஒரே ஒரு தடவை, என்றான்.
பெரெனிஸ் எழுபது போட்டாள், கேட்காமலே.
லூதிவின் காப்பி இயந்திரத்தருகே என்னை மறித்து
தொண்ணூறு கேட்டாள்;
என் பிறந்தநாள் அவளுக்கு எப்படித் தெரியுமோ,
கையில் கேக் இருந்தது.

ஜூனில் எல்லாரும் நூறு.
எல்லாரும் பல்லக்கில்;
தூக்குவதற்கு நான் ஒருத்தி.
நூறும் நூறும் மோதினால்
முதலில் வந்தவருக்கே முதலில்.
அதாவது பழைய ஐம்பதேதான்,
சத்தம் மட்டும் இரட்டிப்பு.

நோல்வென் மட்டும் இருபது.
குறிப்புக் கட்டத்தில் எழுதியிருந்தாள்:
அவசரமில்லை, இடமிருந்தால் போதும்.
நாற்பத்தெட்டு பிரேம். இரண்டே விநாடி.
வெள்ளம் வடிந்த வயலில் ஒரு நாரை
தலையைத் திருப்பிப் பார்க்கும், அவ்வளவுதான்.

ஒற்றைக் காலில் நின்றவர்களுக்கெல்லாம்
கேட்டது கிடைத்த மாதம் அது.
நிஜமாகவே ஒற்றைக் காலில் நின்ற நாரை
ஒன்பது இரவாக வரிசையில்.
ஆறு பிரேம் முடிந்திருந்தது.

இரண்டு நாற்பதுக்குத் தொலைபேசி.
இயக்குநர் கஸ்பார். தூக்கமில்லாத குரல்.
காலை ஒன்பதுக்கு பிரஸ்ஸல்ஸிலிருந்து
பணம் போடுகிறவர்கள் வருகிறார்கள்,
வெள்ளத்தைக் காட்டியாக வேண்டும்,
எல்லாவற்றையும் காலி செய்.
எத்தனை என்றேன்.
எல்லாவற்றையும், என்றார் மறுபடி.

பாதியில் இருப்பதை நிறுத்த
திரையில் ஒரு பொத்தான் உண்டு.
அதன் பெயர் கொல்.
இதைச் செய்தவர் வேறு சொல் தேடியிருக்கலாம்.

கொன்றேன். நரியின் காது, நரியின் வால்,
லூதிவினின் புகைமண்டலம் முழுவதும்.
நான்கு மணி நேரக் கணக்குகள்
ஒரு சொடுக்கில் பூஜ்யம்.
கை நடுங்கவில்லை. அதுதான் வேலை.

நூற்றுப் பதினெட்டில் வந்து நின்றேன்.
நாரை, ஏழாவது பிரேம்,
எண்பத்து மூன்று விழுக்காடு.
மாலை ஐந்து மணியிலிருந்து
அது தன் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

நியாயம் என்று ஏதும் நினைக்கவில்லை.
எழுந்து போய் தேநீர் போட்டேன்.
சர்க்கரை இல்லை; மேலே போய்த் தேடினேன்.
இரண்டு மாடி, மெதுவாக.

திரும்பி வந்தபோது தொண்ணூற்று நான்கு.
அப்புறம் யார் கொல்வார்கள்.

ஒன்பதுக்கு வெள்ளம் ஓடியது.
பாலம் முறிந்தது, மாடுகள் மிதந்தன,
நடுவில் ஒரு பிரேம் மட்டும் வந்து சேரவில்லை.
விநாடியில் இருபத்து நான்கில் ஒரு பங்கு
கறுப்பு.
வந்தவர்கள் தாங்கள்தான்
கண் சிமிட்டியதாக நினைத்திருப்பார்கள்.
கஸ்பார் மட்டும் கதவருகே நின்ற
என்னைத் திரும்பிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்வார்.

பத்தரைக்கு வந்தாள் நோல்வென்,
சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே
ஏழாவது பிரேமைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.
இன்னும் பெரிதாக்கினாள்.
கழுத்தடியில் ஓர் இறகு ஈரமாக இல்லை, என்றாள்.
மன்னிக்கணும். முதலிலிருந்து போகணும்.

எண்பது போடட்டுமா, என்றேன்.

வேண்டாம், என்றாள்.
அதே இருபது.